குருத்தோலை கட்டிய தரை

எங்கள் இலே-இஃபே ஊரில் மொருங்கே குனிந்தாலே போதும், வீடு கட்டி விற்பவர்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். மனை போடும் நிலத்துக்கடியில் பழங்காலத்துப் பொருள் ஏதும் உண்டா என்று பார்த்து எழுதித் தருவது அவள் வேலை. அருங்காட்சியகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்ற நான், மனைவியிடமிருந்து தப்பிக்க அவளுக்கு அளக்கும் டேப் பிடிக்கப் போவேன்.

அப்படிப் பார்க்கப் போன ஒரு நிலத்தின் மூலையில் மண்ணைச் சுரண்டியதும் அது தெரிந்தது. பானை ஓடுகளைச் செங்குத்தாக நட்டு, மீன்முள் போலப் பாவிய தரை. இடையிடையே வெள்ளைக் கூழாங்கல் வரிசை. லாகோஸ் வரைக்கும் நீளும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். உண்மையில் ஒரு முற்றத்தளவு. மொருங்கே அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்றாள்.

தடை உத்தரவு தலைநகரிலிருந்து வர வேண்டும். கையெழுத்துப் போடுபவரோ மாமியார் சாவுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கம் ஒரு சாவு முடிவதற்குள் பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போய்விடுவான். அதற்குள் புல்டோசர் வந்து நிலத்து வாசலில் நின்றது.

"பாபா, ஓலை கட்டிடலாமா?" என்று மொருங்கே என்னிடம் கேட்டாள்.

எண்ணெய்ப்பனையின் குருத்தோலையைக் கிழித்துத் தொங்கவிட்டால் அங்கே சாமி இருக்கிறது என்று அர்த்தம். தொழுகைக்குப் போகிறவனும் சரி, தேவாலயத்துக்குப் போகிறவனும் சரி, கால் வைக்க மாட்டான். மேகம் தலையில் இடிக்கும் உயரத்து மரத்தில் ஏறி நானே ஓலை வெட்டினேன். மொருங்கே அதை அந்த மூலையைச் சுற்றிக் கட்டினாள்.

மறுநாள் காலையில் புல்டோசர் ஓட்டுநர் சிகிரு ஓலையைப் பார்த்ததும் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். "எம் பொண்டாட்டி மாசமா இருக்கா சார். நீங்க வேணா ஓட்டுங்க" என்று வீடு கட்டும் நிறுவனத்து மேலாளரிடம் சாவியை நீட்டினான். மண்மேட்டுக்குப் பின்னால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மேலாளர் கோபப்படவே இல்லை. மதியத்துக்குள் பூசாரி அவோதிரேயை ஆடு, ஜின் சாராயம், கோலாக்கொட்டையோடு கூட்டி வந்துவிட்டார். இருக்கிற சாமியைக் கேட்டு வேறிடத்துக்குக் கூட்டிப் போகும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அதை மொருங்கே மறந்துவிட்டாள். நானும்தான். பூசாரி கொட்டையைப் பிளந்து வீசி, அது விழுந்த விதத்தில் குறி பார்த்தார். சாமி கிளம்பச் சம்மதித்துவிட்டது.

மொருங்கே ஓடி வந்து பூசாரிக்குக் குறுக்கே நின்றாள். "இங்க சாமியே கெடயாது பாபா. நாந்தான் கட்டினேன்."

"தெரியும் மகளே. உன்னக் கட்ட வெச்சது யாரு?" என்றார் பூசாரி.

மேலாளர் மிகப் பணிவாக, "சாமி எடம்னு நீங்கதானம்மா சொன்னீங்க. சாமிதான் கௌம்பிடுச்சே" என்றார்.

தரையின் நடுவிலிருந்து ஒரு பிடி மண்ணையும் சில ஓடுகளையும் பெயர்த்துச் சுரைக்குடுவையில் வைத்து, கட்டியிருந்த ஓலையையும் அவிழ்த்துக்கொண்டு, மேளத்தோடு சாலையோரப் பெருமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். வயதில் மூத்தவன் என்று சாமிக்குப் பிடிக்கும் குடையை என் கையில் கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் புல்டோசர் உறுமத் தொடங்கியது. மொருங்கே அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அந்த மூலையைத் தொடக் கூடாதாம்.

இப்போது மிச்சம் மரத்தடியில் இருக்கும் அந்த ஓடுகள்தான். சிகிருவின் மனைவி அங்கே அவித்த பயறு வைக்கிறாள். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க பாபா. வரைஞ்சுட்டுத் திரும்ப வெச்சிடலாம்" என்று மொருங்கே கேட்டாள்.

போனேன். சுற்றிலும் குருத்தோலை தொங்கியது. நான் வெட்டிய அதே ஓலைதான். கையை நீட்டினேன். ஓலையைத் தாண்டிக் கை போகவில்லை.