குதிரைக்கு ஒரு குழி

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பாதிரி கையை ஆட்டியபோது குழி ஓஸ்த்ரோவின் இடுப்பளவுக்கு வந்திருந்தது. "எந்தப் பக்கம் வெட்டியிருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

வெலிகா எட்டிப் பார்த்தாள். வடக்கே தலைமாடு. அண்ணன் ஓஸ்த்ரோ பழக்கதோஷத்தில் பாட்டனுக்கு வெட்டியதுபோலவே வெட்டித் தொலைத்திருந்தான். பனியில் இறுகிய மண். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். நாட்டை ஆளும் கான் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவரான நாளிலிருந்து, தலைநகர் பிளிஸ்காவில் சாகிறவர்கள் எல்லாரும் மேற்கே தலைவைத்துத்தான் படுக்க வேண்டும்.

"செத்தும் நம்மள விடமாட்டேங்கறாரே இந்த மனுசன்!" ஓஸ்த்ரோ மண்வெட்டியை வீசினான்.

"அப்பாவ ஏண்ணே வையிற? தப்பா வெட்டினது நீ."

அப்பா வண்டியில் கம்பளிக்குள் கிடந்தார். விடியலில் மூச்சு இழுக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "குதிரைய எங்கூட அனுப்பிருவல்ல? நடந்து போற ஆளா நான்?" என்று கேட்டார். பழைய வழக்கப்படி குதிரையை வெட்டிக் கூடவே புதைக்கச் சொல்கிறார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது?

"குதிரை மேல கத்தி பட்டுச்சுன்னா கோட்டைக்குச் சொல்லியே ஆகணும், பாத்துக்குங்க" என்றார் பாதிரி. போன வருஷம் கானை எதிர்த்தவர்களின் வீடுகளில் கைக்குழந்தை கூட மிஞ்சவில்லை. ஓஸ்த்ரோவுக்கு மூன்று பிள்ளைகள். வெலிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிரி மேல், கான் மேல், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டுப் போன அப்பா மேலும்தான்.

பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டினார்கள். அப்பாவின் கைகளை மார்பில் மடித்துப் படுக்கவைத்தார்கள். பாட்டனுக்கு வைத்ததுபோல இடுப்பில் ஒரு கத்திகூட வைக்கவில்லை. பாதிரி கிரேக்கத்தில் ஏதோ ஓதினார். மண்ணைத் தள்ளி முடித்ததும் முதல் குழியைக் காட்டினார். "அதையும் மூடிருங்க."

"அது இருக்கட்டும் சாமி" என்றாள் வெலிகா.

"எதுக்கு?"

"அப்பா குதிரைக்கு வயசு இருபத்தஞ்சு. தானாச் செத்தா எங்கயாவது புதைக்கணும்ல? இல்ல, குதிரைக்கும் மேற்கதான் தலை வைக்கணுமா?"

பாதிரி புத்தகத்தை மூடினார். பிறகு கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டார்.

வண்டியில் பூட்டியிருந்த அந்தக் கிழட்டுக் குதிரை, அப்பாவுக்கு விரித்திருந்த வைக்கோலில் கீழே சிந்தியதை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"இது இப்போதைக்குப் போற மாதிரி தெரியலையே" என்றான் ஓஸ்த்ரோ.

காற்று குளிர்ந்து வீசியது. வெலிகா வண்டியில் கிடந்த அப்பாவின் கம்பளியை எடுத்து, உதறி, குதிரையின் முதுகில் போர்த்தினாள்.