அசையாமல் நின்றால் அடங்கும் மேகம்

...இல்லை, இன்னும் இடி முந்திக்கொண்டுதான் வருகிறது, மின்னல் வெட்டி ஒரு மூச்சு விட்ட பிறகல்லவா இடிக்க வேண்டும், நேற்று சரியாகத்தானே இருந்தது, எதைத் தொட்டுத் தொலைத்தேன், எதையும் தொடவில்லையே, அப்புறம் ஏன் இப்படிப் படுத்துகிறது... நூலகத்தின் முன்கூடத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் லேப்டாப், தலைக்கு மேலே என் மேகம். கம்பிக்கூட்டில் அடுக்கடுக்காகத் தைத்த வெள்ளைத் துணி, உள்ளே விளக்குச் சரங்கள், மூலைக்கொரு ஸ்பீக்கர், கீழே நடமாடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சென்சார். ஆள் அசைந்தால் மேகம் கறுக்கும், மின்னும், இடிக்கும். அசையாமல் நின்றால் மெல்ல அடங்கி, நீல வெளிச்சம் பரவி, தூறல் சத்தம் மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான், சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, மாதக்கணக்காக என் உயிரை வாங்குகிறது. மதியம் நூலகர் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டு இருக்கட்டும் என்பார், அல்லது கழற்று என்பார். படிக்கிற இடத்தில் இடி இடிக்கலாமா என்று முதல் நாளே கேட்டவர் அவர், அடங்கிவிடும் மேடம், கட்டாயம் அடங்கிவிடும் என்று நானும் மண்டையை மண்டையை ஆட்டி வைத்தேன். அடங்காவிட்டால்? எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியோடு இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார், மாட்டியவருக்குக் கழற்றத் தெரியாதா என்ன.

இந்த லட்சணத்தில் அப்பா வேறு வருகிறாராம். அக்கா காலையில் போன் செய்தாள், உன் மேகத்தைப் பார்த்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம், சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை, அப்பா விஷயத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாயா இது. எதற்குப் பயப்படுகிறேன், இப்போது அவர் என்ன செய்துவிடப் போகிறார், மாத்திரை போட்டாச்சா என்று அக்கா அதட்டினால் வாயைத் திறந்து காட்டுகிற மனிதர், வலது கை ஓயாமல் நடுங்குகிறது, தம்ளரில் கொடுத்தால் பாதித் தண்ணீர் சட்டைக்குத்தான்... பாவமாகத்தான் இருக்கிறது, நிஜமாகவே பாவமாக இருக்கிறது. ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் என் தோள் இரண்டும் இன்னும் தானாகக் காது வரைக்கும் ஏறுகிறதே, அதை என்ன செய்வது? எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியை இழுத்துக்கொண்டு குறுக்கே போனார், மேகம் உறுமியது, அவருக்குச் சிரிப்பு. சும்மா நின்றால்தான் சும்மா இருக்கும் என்றால் எவன் நிற்பான், ஆடினால் பாடினால் சந்தோஷப்படுகிற மாதிரி வைத்திருக்கலாமே என்றார். புயல் என்றால் ஒதுங்கித்தான் நிற்கணும் அண்ணே என்று ஏதோ உளறினேன். மழையில் ஆட்டம் போடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்க, எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை? சரி, விடு, இடியைப் பார், இடி.

வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், மின்னல், ஒரு மூச்சு, இடி... அட, சரியாகிவிட்டது, எப்படிச் சரியானது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, யாரும் கேட்காமல் இருக்க வேண்டும். நல்ல இடி, அதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் தகரத்தை ஆட்டிப் பதிவு செய்தேன், நாடகத்து இடி மாதிரி பொய்யாகக் கேட்டது. கடைசியில் அப்பா வீட்டு முன்கதவை நானே ஓங்கி அறைந்து, அந்தப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது அப்படியே வயிற்றில் இறங்கியது. ஏன் அந்தக் கதவு? கனமான மரம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வேறென்ன... சின்ன வயதில், சாயங்காலம் அப்பா அந்தக் கதவைச் சாத்துகிற விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும், மெதுவாகச் சாத்தினால் விளையாட்டைத் தொடரலாம், அறைந்தால் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து அக்காவையும் என்னையும் சுவரோடு சேர்த்து நிறுத்துவாள். அசையாம நில்லுங்க, தானா அடங்கிடும் என்பாள். என்ன தப்பு செய்தோம் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. இதெல்லாம் இப்போது எதற்கு, எந்த நேரத்தில் எதை நினைக்கிறேன், அதோ நூலகர் வந்துவிட்டார், கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நிற்கிறார், வாசலில் ஆட்டோ, அக்கா, அப்பா...

அப்பா கைத்தடியை ஊன்றி ஊன்றி நேராக மேகத்துக்கு அடியில் வந்துவிட்டார், அண்ணாந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு, அடுத்த அடி எடுத்து வைத்ததும் மின்னல், பின்னாலேயே இடி, அவர் வீட்டுக் கதவு அவர் தலைக்கு மேலேயே. தூக்கிவாரிப் போட்டுவிட்டது மனிதருக்கு. என்னைத் தேடித் திரும்பினார், திரும்பினால் இன்னொரு இடி. என்னம்மா இது, எப்படி நிறுத்துறது என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அசையாம நில்லுங்கப்பா. தானா அடங்கிடும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்காவைப் பார்த்தேன், அவள் வாசல் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், யார் அவளை அங்கே நிற்கச் சொன்னது... அப்பா நின்றார். சொன்னபடியே நின்றார், கால் அசையவில்லை, தடி அசையவில்லை, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். வலது கை மட்டும் நடுங்குகிறது. சென்சாருக்கு அது போதும், கை என்றும் வயது என்றும் அதற்குத் தெரியுமா, மறுபடி கறுத்தது, மறுபடி இடித்தது, அவர் இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்தார், இப்போது இரண்டுமே நடுங்குகின்றன. நூலகர் என்னைப் பார்க்கிறார், அடங்கும் என்றாயே என்கிற பார்வை. லேப்டாப்பில் ஒரே ஓர் எண்ணைக் குறைத்தால் போதும், சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், ஒரு விசை, ஒரே அழுத்து.

"நான் எதுவும் தப்பு பண்ணிட்டேனாம்மா?"

இல்லப்பா என்று சொல்ல வேண்டும், விசையை அழுத்த வேண்டும், இரண்டுமே ஒரு நொடி வேலை, அழுத்தேன், அழுத்தித் தொலையேன்... விரல் விசையின் மேலேயேதான் இருக்கிறது, அசையவில்லை, பழைய பயத்தில் அசையாமல் இருக்கிறதா, இல்லை, வேண்டுமென்றேதான் இருக்கிறதா, எனக்கே தெரியவில்லை.