ஆறேகால் ரயிலும் ரெபேக்காவின் பாட்டும்

ஆறேகால் ரயிலுக்கு ஜாய் பயந்த அளவுக்குப் பாதிரியாருக்குக்கூடப் பயந்ததில்லை.

அவர்கள் பேண்டின் பெயர் 'செகண்ட் ஷிப்ட்'. ஊரிகத்து ஜாய் டிரம்ஸ், நந்திதுர்க் நாகேஷ் கிதார், ரெபேக்கா பாட்டு. மூன்று பேரும் தங்கச் சுரங்க ஊர்க்காரர்கள், தினம் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கும் ரயில்தான்; ஊர் திரும்பக் கடைசி ரயில் சாயங்காலம் ஆறேகாலுக்கு. கச்சேரி எவ்வளவு சூடு பிடித்தாலும் ஐந்தரைக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். டிரம்மையும் சிம்பல் தட்டையும் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டர் சம்மதிப்பான், சொல்லுங்கள்! பெங்களூர் பசங்கள் 'பேசஞ்சர் பேண்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தால் வைக்கட்டுமே! ஒரு வருஷம் மாதாமாதம் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லை. இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். ஜாய்க்கு அது போதும்.

ரெபேக்காவுக்குப் போதவில்லை. அவளே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு. "நல்ல ஐட்டத்த கடைசிலதான் வைக்கணும்," என்பான் நாகேஷ். கடைசியில் வைத்தால்? போன ஆறு கச்சேரியிலும் முதல் சரணத்தோடு சரி, ரயிலுக்கு நேரமாகிவிடும்.

"இன்னிக்கும் முழுசா பாடலைன்னா நீங்களும் வேணாம், உங்க பேண்டும் வேணாம். சர்ச் கொயர்லயே பாடிக்கிறேன்," என்றாள், காலையில் ரயில் கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டும்போதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் போனால் பேண்டு ஏது?

அன்று பார்த்து, கச்சேரி நடந்த காப்பிக் கடை மாடியில் மைக் மக்கர் பண்ணி அரை மணி வீணானது. ஐந்து இருபத்தைந்துக்குத்தான் அவள் பாட்டையே தொடங்கினாள். முதல் சரணம் முடிந்தது. பாவி ஜாயின் கை தானாகப் போய்ச் சிம்பலைக் கழற்றியது! சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, இத்தனை வருஷப் பழக்கம்.

ரெபேக்கா திரும்பிப் பார்த்தாள். பாட்டு நின்றது.

"கட்டு. நல்லா மூட்டை கட்டு," என்றாள். கண்ணில் தண்ணீர்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது ஜாய்க்கு. கடிகாரத்தைப் பார்த்தான். சிம்பலை மறுபடி மாட்டினான்.

"நாகேஷு, கிதார் பொட்டிய மூடிட்டு வாசிடா. ரயிலு போனா போவட்டும். நீ பாடும்மா, முதல்லேர்ந்து."

பாடினாள். மூன்று சரணமும் பாடினாள். இருந்தது பதினாலு பேர், ஒருவரும் எழுந்து போகவில்லை.

மூன்று பஸ்காரர்கள் விரட்டி, நாலாவது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடியில் டிரம்மோடு ஜாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேண்டில் இருப்பாளா, போவாளா? கேட்கவும் பயம். வழியில் ஹொஸ்கோட்டே வந்ததும் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஜாய், அந்த மூணாவது சரணம் ரொம்ப இழுக்குது இல்ல?"

"கொஞ்சம்..."

"இன்னா கொஞ்சம்? பாடுற எனக்கே கொட்டாவி வந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்த வெட்டிடலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையாம்! ஜாய் டிரம்மைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன் சீட்டு அம்மா திரும்பி முறைத்தார்.