மூன்றடி பின்னால்

1

இந்தக் கதை என் கைப்பிழையில் பிறந்தது. கல்முனையில் ஒருவர் பாவித்துக் கழித்த இரட்டை லென்ஸ் கமரா ஒன்றை வாங்கினேன். மேல் லென்ஸ் நமக்குக் காட்டும், கீழ் லென்ஸ் பிலிமில் பதிக்கும். குனிந்து பார்க்கும் கண்ணாடி மங்கிக் கிடந்ததால், வெளிச்சமான புதுக் கண்ணாடி வரவழைத்து நானே பூட்டினேன். மறுபுறமாகப் பூட்டிவிட்டேன். கண்ணாடியில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரிந்தது. கழுவி வந்த படத்திலோ ஆள் மங்கல், ஆளுக்கு மூன்றடி பின்னால் நின்ற முருங்கை மரம் துல்லியம். முருங்கை நின்ற இடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தால் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

2

றாஹிலா கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

[இல்லை. வயது ஐம்பதைத் தாண்டியவர். ஓடவும் மாட்டார். 'அவர்' என்றே எழுத வேண்டும்.]

றாஹிலா கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பவர். கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடும் குடும்பங்கள் அவரைத்தான் அழைக்கும். படங்களோடு நெகட்டிவ் முழுவதையும் கொடுத்துவிடுவார், தன்னிடம் ஒன்றும் வைப்பதில்லை. அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்பார். கண் மங்கத் தொடங்கியதும் அவரும் கமராவின் கண்ணாடியை மாற்றினார். என் பிழையை அப்படியே அவர் தலையில் கட்டினேன்.

(நான் பெண்கள் பக்கம் போனதில்லை. அடுத்த பகுதி, அங்கே எப்படி இருக்கும் என்று என் மனைவி சொல்லக் கேட்டு எழுதியது.)

3

மணப்பெண் அம்ஹா. அவளுடைய உம்மா புற்றுநோயில் உருக்குலைந்திருந்தார். றாஹிலாவைத் தனியே கூப்பிட்டார்.

"என்னப் படத்துல எடுத்துராதீங்க ராத்தா. இந்த மொகத்த எண்ட புள்ள வெச்சிப் பாத்து அழப்படாது."

"ஓம், எடுக்கமாட்டன். நீங்க யோசிக்காதீங்க."

றாஹிலா மகளை மட்டுமே எடுத்தார். பிலிம் கொழும்புக்குப் போய்க் கழுவி வருவதற்குள் உம்மா மௌத்தாகிவிட்டார். வந்த படங்கள் ஒன்றிலும் அம்ஹா தெளிவில்லை. ஒன்றில் மட்டும், அவள் தோளுக்குப் பின்னால், கதவோரம் நிற்கும் உம்மா தெளிவாக விழுந்திருக்கிறார். எலும்பு தெரியும் முகம். மகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

4

முதல் முடிவு: றாஹிலா நெகட்டிவில் அந்தத் துண்டை வெட்டி எரிக்கிறார். என் மனைவி வாசித்துவிட்டுச் சொன்னாள்: "தாயில்லாப் புள்ளக்கிட்ட களவெடுக்கிறீங்க."

இரண்டாவது: கொடுத்துவிடுகிறார். "மௌத்தானவக்குக் குடுத்த வாக்கு லேசா?" என்றாள் அவளே.

மூன்றாவது: றாஹிலா ஒரு மௌலவியிடம் போய்

[இதை முடிக்கப்போவதில்லை. பாரத்தை யார் தலையிலாவது ஏற்றத்தான் மௌலவியைத் தேடினேன்.]

5

அம்ஹா வந்திருக்கிறாள். படங்கள் மங்கிவிட்டதாக றாஹிலா சொன்னதற்கு அவள் கோபப்படவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறாள்.

"ஒண்டுலயாவது எங்கட உம்மா உழுந்திருக்காவா, மாமி?"

றாஹிலாவின் கையில், அந்தப் படமும் நெகட்டிவும் உள்ள, இன்னும் ஒட்டாத உறை. அவர் என்னைப் பார்க்கிறார். அந்த வாக்கை அவர் வாயில் வைத்தவன் நான், எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை வாசலில் நிற்கிறாள்.