தாடி வைத்த அம்மா

என் மனைவிக்குத் தாடி வைத்தது நான்தான். கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊர் இருக்கிறது; அதற்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் நமக்கென்று ஒரு பொம்மை ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். மூக்கு, நிறம், உயரம் எல்லாம் நம் இஷ்டம். அவள் தன்னைப் போலவே கொண்டையும் கண்ணாடியுமாக ஒருத்தியைச் செய்து வைத்திருந்தாள்.

"அடியே, திருடப் போறவ நெத்தியில விலாசத்தை எழுதி ஒட்டிக்கிட்டா போவா?" என்று கத்தினேன். கொண்டையை எடுத்தேன். முப்பது வயது ஆண்பிள்ளையாக்கி, மார்பு வரைக்கும் தாடி தொங்கவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவள் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். கல்யாணத்தை யாரும் தடுக்கவில்லை. தகராறு எல்லாம் அம்மாவின் வாயால் வந்தது. என் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் செக்கர். தைத்து முடித்த சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டேதான் இருப்பாள். மகளின் நடையில், மகள் வரைந்த படத்தில், கடைசியில் அவள் கூட்டிவந்த பையன்மேல். "பையன் நல்லாத்தான் இருக்கான், ஆனா..." என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு எழுந்து போனவள்தான் மகள்.

என் அண்ணன் மகள்தான் துப்புக் கொடுத்தாள். "சித்தப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு ஊர் இருக்கு, அவ அங்க கடை வச்சிருக்கா. பொம்மைங்க போட்டுக்கற சட்டையெல்லாம் வரைஞ்சு விக்கிறா. ஆனா ஒண்ணு, உங்க வீட்டுலேர்ந்து யாராவது வந்தா கடையை மூடிட்டுப் போயிடுவேன்னு சொல்லியிருக்கா. மாட்டிக்காதீங்க."

அந்த ஊர் ஒரு வேடிக்கை. எங்கெங்கோ வீடுகளில் உட்கார்ந்திருக்கிற மனிதர்கள் அங்கே பொம்மைகளாக உலாவுகிறார்கள். பேச வேண்டியதை டைப் அடிக்கிறார்கள். என் மனைவி முதல் நாள் இரண்டு தடவை கடலில் விழுந்தாள். மகளின் கடையைக் கண்டுபிடித்து உள்ளே போகத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றபோது, திரையில் எழுத்து வந்தது.

"அண்ணே, அது கதவு இல்ல, ஜன்னல். இந்தப் பக்கம் வாங்க."

மூன்று வருடத்துக்குப் பிறகு மகள் பேசிய முதல் வார்த்தை அது. இவள் சிரித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

'அண்ணே' சீக்கிரமே 'தாடி' ஆனது. தினமும் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் டீயைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவளுக்குக் குறை சொல்ல நேரம் ஏது? "ம்" என்பாள், "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான். மகள் கொட்டித் தீர்ப்பாள். "நான் சொல்றத முழுசா கேக்கற ஒரே ஆளு நீதான் தாடி" என்று ஒரு நாள் எழுதினாள். இவள் அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். பெருமையாக இருந்தது.

பிறகொரு சாயங்காலம் மகள் எழுதினாள். ஆறு மாதக் கரு கலைந்துவிட்டது. புருஷன் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறான். வேறு யாருக்கும் தெரியாது.

என் மனைவி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்: "சாப்பிட்டியா?"

"இப்பவாவது அம்மான்னு சொல்லித் தொலையேன்" என்றேன் நான்.

"சொன்னா அவ போயிடுவா. அவ அழறப்ப பக்கத்துல யாராவது இருக்க வேண்டாமா?"

நான் போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "தாடி, உனக்கு மட்டும் காட்றேன். இது விக்கறதுக்கு இல்ல. பாப்பாவுக்குப் போட்டிருப்பேன்." கடையின் உள்ளறைச் சுவரில் ஒரு குட்டி கவுன் தொங்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. இவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆலையில் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது பார்க்கிற பார்வை. கையைப் பிடிக்கலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் அடித்து அனுப்பிவிட்டாள். இத்தனை மாதத்தில் வேகமாக டைப் அடிக்கப் பழகியிருந்தாள், அதுதான் வினை.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா பக்கத் தையல்ல முன்கோடும் பின்கோடும் சேரல. அரை இஞ்ச் இறங்குது."

குறை உண்மைதான். தட்டையாக வரைந்த படத்தைப் பொம்மை உடம்பில் சுற்றும்போது பக்கவாட்டில் கோடு விலகத்தான் செய்யும். வாங்க வருகிற யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும் அந்தக் கவுனைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள்.

திரையில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"அம்மா?"

"இல்லன்னு அடி! இல்லன்னு அடிடி!" என்று கத்தினேன். இவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கவுனுக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஆமாம்மா."

"எப்பலேர்ந்து?"

"மொதல் நாள்லேர்ந்து."

மகள் கடைசியாக எழுதினாள்.

"அப்ப தாடின்னு ஒருத்தரு இல்லவே இல்லியா?"

இவள் பதில் அடிக்க ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் எதிரில் நின்ற பொம்மை மறைந்தது. கவுன் போனது, சுவர் போனது. வெறும் புல்தரையில் எங்கள் தாடிக்காரன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

மகள் அந்த ஊருக்கு அப்புறம் வரவில்லை. அண்ணன் மகளோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் ஒரு வாரம் என் மனைவியைத் திட்டித் தீர்த்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா, கிடைத்த மகளை மறுபடி தொலைத்துவிட்டாயே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நம்மள விடுங்க. நாம ஏற்கனவே அவளத் தொலைச்சவங்கதான். அவளுக்குன்னு ஒரே ஒருத்தன் இருந்தான். அவனையும் நான் கொன்னுட்டேங்க."