பன்னிரண்டாவது மரத்துக்கான பட்டை

நெசவுக்காரி ஹில்க்காவுக்குத் தம்பி ஏர்க்கியோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போயிற்று. ஏரிக்கு அக்கரையில் இருந்த காட்டின் மரங்களை வெட்டிக்கொள்ள அவன் மரக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். அங்கே நின்ற பன்னிரண்டு கிழட்டு ஆஸ்பென் மரங்களின் பொந்துகளில்தான் பறக்கும் அணில்கள் குடியிருந்தன. அவற்றை வெட்டவிடாதீர்கள் என்று ஹில்க்கா அதிகாரிகளுக்கு எழுதினாள். அணிலைக் கண்ணால் பார்த்தீர்களா என்று பதில் வந்தது. இருட்டில் பறக்கிற ஜீவனை எந்தக் கண்ணால் பார்ப்பதாம்!

கடைசியில் ஏர்க்கியே இறங்கி வந்தான். "சரி, எந்த மரத்துல உன் நெசவைச் சுத்துறியோ அது நிக்கட்டும். என் உசிரை வாங்காதே."

"மரம் வெட்டுற வண்டி டிரைவர்கிட்ட சொல்லிடுவியா?"

"சொல்றேன், சொல்றேன்."

ஏர்க்கி வாயைத் திறப்பதே கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். தெரிந்தும் நம்பினாள், மடச்சி.

இரண்டு இலையுதிர்காலமாகச் சேர்த்த காளான்களை வேகவைத்துச் சாயமெடுத்தாள். கம்பளி நூல் ரத்தச் சிவப்பாக வந்தது. பனியில் பளிச்சென்று தெரியவேண்டுமே! ஆளுயரப் பட்டைகளாக நெய்து, மரமரமாகச் சுற்றித் தைத்தாள். பதினோரு மரத்தோடு நூல் தீர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் வெறுமனே நின்றது. அவளுக்கு மனசு ஆறவே இல்லை. தன் சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்து, மூன்று நாள் தறியை விட்டு எழாமல் கடைசிப் பட்டையையும் முடித்தாள்.

அதைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், வாசல்படியில் பதினோரு பட்டைகளும் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. பக்கத்தில் மரம் வெட்டும் வண்டியின் டிரைவர் யோர்மா நின்றான்.

"உங்க கைவேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுதுக்கா. ஒண்ணுகூடக் கிழியாம பிரிச்சுட்டேன்."

"மரம்?"

"சிவப்பு கட்டினதெல்லாம் வெட்டியாச்சு. சிவப்புன்னா வெட்டுறதுதானே, பச்சப்புள்ளைக்கும் தெரியுமே. குறி வைக்க ஒரு நாடா போதாதா, எதுக்கு இவ்வளவு ஆடம்பரம்னு நினைச்சேன்."

"ஏர்க்கி ஒண்ணும் சொல்லலியா?"

"ஏர்க்கியா? சொல்றதா?" யோர்மா சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

இந்தக் காட்டிலேயே வளர்ந்தவளுக்கு அந்தக் குறி தெரியாதா? நன்றாகத் தெரியும். சாயப்பானையில் அந்த நிறத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து தொலைத்திருந்தாள். யார்மேல் எரிந்துவிழுவது?

அக்கரைக்குப் போனாள். அடிக்கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு ஆஸ்பென் நின்றது. அவளுக்கு நூல் போதாமல் போன மரம்.

பையிலிருந்து பாதி எடுத்த பட்டையை ஹில்க்கா அப்படியே உள்ளே திணித்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.