மூன்றாம் மெஷினும் அக்காவின் பிடிலும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. டர்பைன் மூடிமேல் கோட்டைப் போடுகிறார்கள். ஜெனரேட்டர் படியில் காபிக் கோப்பையை வைக்கிறார்கள். நான் வேலை பார்த்தபோது இந்த மின் நிலையத்துக்குள் சேற்றுக் காலோடு வந்தவனை ஃபோர்மன் வாசலுக்கு எதிரே ஃபியோர்டுக் கடலில் தூக்கிப் போட்டிருப்பான். இப்போது உள்ளே கச்சேரி நடக்கிறது.

மூன்றாம் மெஷின் மட்டும் இன்னும் ஓடுகிறது. கச்சேரி நாளில் அதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் நான் நிற்கிறேன்.

அன்று வாசித்தவள் என் அக்கா குன்வோர். எங்கள் ஊர்ப் பிடிலில் மேலே நாலு நரம்பு, வில் படாமல் தானாக ஒலிக்க அடியில் நாலு. நன்றாக வாசித்தால் இனி வசந்த விழாக் கச்சேரி அவளுக்கு, இல்லையென்றால் பெர்கன் நகரத்துக் கோஷ்டிக்கு என்று கமிட்டித் தலைவர் ஐவின்ட் சொல்லியிருந்தார். வீட்டில் குளிர் என்று வாரம் முழுக்க மெஷின் சூட்டில் உட்கார்ந்துதான் பழகினாள். சுருதியும் அங்கேயே சேர்த்தாள்.

வில்லைப் போட்டாள். தகரத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. அடி நரம்புகள் வாயே திறக்கவில்லை. பாதியில் நிறுத்தினாள்.

"டேய் தோர்கீர், மெஷினைப் போடுடா."

"இது என்ன உன் வீட்டு அடுப்பா, நெனச்சா பத்த வைக்க?"

"அது ஓடுற சத்தத்துக்குத்தான் நரம்பு கட்டியிருக்கேன். அது இல்லாம இந்தப் பிடில் ஊமை. நீ போடறியா, நான் எறங்கி வந்து போடட்டுமா?"

முன் வரிசையில் சிரித்தார்கள். ஐவின்ட் எழுந்து வந்தார்.

"அம்மா, சத்தம் வேணாம்னுதான நிறுத்தச் சொன்னோம். சுருதிய மாத்திக்கங்களேன்."

"நீங்க காத மாத்திக்கங்க தம்பி."

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஒழுங்காகப் பழகாததற்குச் சாக்கு என்றுதான் பட்டது. ஆனாலும் அத்தனை பேருக்கு நடுவே என் கூடப் பிறந்தவள் பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. வால்வுச் சக்கரத்தைத் திருப்பினேன்.

குழாயில் தண்ணீர் இறங்கியது. மெஷின் உறுமி, வேகம் பிடித்து, தன் வழக்கமான ரீங்காரத்துக்கு வந்தது. ஊருக்குப் போகும் கரண்டு லைனில் சேர்த்தேன். அக்கா மறுபடி வில்லை வைத்தாள். அடி நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து கூடவே பாடின. ஐவின்ட் உட்கார மறந்து நின்றார்.

முடிந்ததும் கூட்டம் எழுந்து கை தட்டியது.

"விழா இனி உங்களுக்குத்தாம்மா. மெஷினும் ஓடட்டும்" என்றார் ஐவின்ட். என் பக்கம் திரும்பி, "உங்க மெஷின் பெரிய வித்துவான் பெரியவரே" என்றார்.

"அது கரண்டு எடுக்கிற மெஷின். அவ ரெண்டாந்தரம் கவனமா வாசிச்சா, அவ்வளவுதான்."

"போடா, காது கேக்காத பய" என்றாள் அக்கா.

மெஷினை ராத்திரி ஷிஃப்ட் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு கும்பல் மெஷின் பிடிலோடு பாடியது என்று அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தது. நான் நிற்கவில்லை. இரும்பாவது, பிடிலோடு பாடுவதாவது.